காருக்கு எந்த அளவு டர்போ? சேலம், ஏற்காடு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காருக்கு டர்போ பொருத்த விரும்புகிறவர்களும், பொருத்திய பிறகு மலையில் புல்லிங் இல்லை என்று திரும்பி வருகிறவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை வைத்துக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் சேலம்–ஏற்காடு பாதை திரும்பத் திரும்ப வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கும் சேலத்தில் புறப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,500 மீட்டருக்கு மேல் ஏறும் அந்தச் சாலை, தவறான அளவு டர்போவை மூன்றாவது வளைவுக்குள் காட்டிக் கொடுத்துவிடும்.

டர்போவுக்கு சைஸுன்னு சொல்றாங்களே, அது எதோட சைஸுங்க?

ஒரே ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் இருக்கும் இரண்டு சக்கரங்கள்தான் டர்போவின் உயிர். சைலன்சருக்குப் போகும் சூடான புகை ஒரு பக்கத்தில் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனால் மறுபக்கத்தில் சுழலும் கம்ப்ரஸர் சக்கரம் காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. ஆகவே அளவு என்பது ஒற்றை எண் அன்று. கம்ப்ரஸர் சக்கரத்தின் விட்டம், டர்பைன் சக்கரத்தின் விட்டம், டர்பைனைச் சுற்றியுள்ள கூடான ஹவுசிங்கின் ஏ/ஆர் (இந்த எண்ணைக் கீழே தனியாக விளக்கியிருக்கிறேன்) ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு டர்போவின் அளவு.

கம்ப்ரஸர் சக்கரத்திலும் இரண்டு விட்டங்கள் உண்டு. காற்று நுழையும் முன்பக்கம் சிறியது, காற்று வெளியேறும் அடிப்பக்கம் பெரியது. காரெட் நிறுவனத்தின் ஜிடி2860 என்ற பெயரில் 28 என்பது டர்போவின் குடும்ப அளவையும், 60 என்பது அடிப்பக்க விட்டம் 60 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கின்றன. சிறிய விட்டத்தைப் பெரிய விட்டத்தால் வகுத்து, அதன் வர்க்கத்தை 100ஆல் பெருக்கினால் வருவது 'டிரிம்'. முன்பக்கம் 45, அடிப்பக்கம் 60 மில்லிமீட்டர் என்றால் டிரிம் 56. அடிப்பக்க விட்டம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு சக்கரங்களில் டிரிம் எண் பெரியதாக இருப்பது பொதுவாக அதிகக் காற்றைக் கடத்தும்.

பெரிய டர்போ போட்டா பவர் அதிகமா வரும்தானே? அப்புறம் எதுக்கு இவ்வளவு யோசிக்கணும்?

வரும், ஆனால் எந்த ஆர்பிஎம்மில் வரும் என்பதுதான் கேள்வி. பெரிய டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற நிறையப் புகை வேண்டும். அந்த அளவு புகை இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மைத் தொட்ட பிறகுதான் கிடைக்கிறது என்றால், அதற்குக் கீழே உங்களிடம் இருப்பது டர்போ இல்லாத காரைவிடச் சற்று மந்தமான கார்தான். டர்போவுக்காக இன்ஜினின் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கும் விகிதத்தை, குறைத்திருந்தால் அந்த மந்தம் இன்னும் கூடுதலாகத் தெரியும்.

ஏற்காட்டுப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் கார் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி, இரண்டாம் கியரில் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம் வரை நிற்கும். வளைவை விட்டு வெளியே வரும் அந்த நொடியில்தான் இழுவை தேவை. பெரிய டர்போ அங்கே இன்னும் விழித்திருக்காது. அது விழித்துத் தள்ளத் தொடங்கும்போது அடுத்த வளைவுக்கான பிரேக்கில் கால் இருக்கும். விளம்பரங்கள் உச்ச குதிரைத்திறனை மட்டுமே சொல்கின்றன. நாம் வண்டி ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி உச்ச ஆர்பிஎம்மில் கழிவதில்லை என்பதால், அளவைத் தேர்ந்தெடுக்கும்போது கீழ் ஆர்பிஎம்மிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என்னோடது 1.6 லிட்டர் பெட்ரோல். எந்த டர்போன்னு ஒரே வரியில சொல்ல முடியாதா?

முடியாது. ஆனால் ஒரு தாளில் கணக்குப் போட்டால் அரை மணி நேரத்தில் நீங்களே சொல்லிவிடலாம். 105 குதிரைத்திறன் உள்ள அந்த இன்ஜினை 160க்குக் கொண்டுபோக விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு இழுவையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் கால் கிலோ பெட்ரோல் குடிக்கும். 160க்கு 40 கிலோ ஆகிறது. முழு இழுவையில் ஒரு கிலோ பெட்ரோலுக்கு 12 கிலோ காற்று என்று கொண்டால், மணிக்கு 480 கிலோ காற்று, அதாவது நிமிடத்துக்கு 8 கிலோ. அமெரிக்க அட்டவணைகளில் பார்க்க வேண்டுமானால் அது 17.6 பவுண்டு.

அடுத்து, அந்த 8 கிலோவை இன்ஜினுக்குள் திணிக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பார்க்க வேண்டும். 1.6 லிட்டர் இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 3,000 முறைதான் தன் முழுக் கொள்ளளவையும் நிரப்பிக்கொள்கிறது. அதுவும் முழுமையாக நிரம்பாது. 92 சதவீதம் நிரம்புவதாக வைத்துக்கொள்ளலாம். அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 60 டிகிரி செல்சியஸில் இருந்தால், இன்ஜினுக்குள் காற்று நுழையும் மேனிஃபோல்டில் சுமார் 173 கிலோபாஸ்கல் அழுத்தம் தேவைப்படும். சேலத்தின் காற்றழுத்தம் சுமார் 98 கிலோபாஸ்கல். மீதி 75 கிலோபாஸ்கல்தான் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம். பூஸ்ட் மீட்டர் அதை 0.75 பார் என்று காட்ட வேண்டும்.

கம்ப்ரஸர் செய்ய வேண்டிய வேலை இதைவிடச் சற்று அதிகம். இன்டர்கூலரிலும் குழாய்களிலும் 10 கிலோபாஸ்கல் வீணாகும். ஏர் ஃபில்டரில் 4 போகும். ஆகவே கம்ப்ரஸர் 94 கிலோபாஸ்கலில் காற்றை வாங்கி 183இல் வெளியே தள்ள வேண்டும். இந்த இரண்டின் விகிதம் 1.95. நிமிடத்துக்கு 8 கிலோ, அழுத்த விகிதம் 1.95: இந்த இரண்டு எண்கள்தான் உங்கள் கேள்விக்கான விடையின் முதல் பாதி. இவை கையில் இல்லாமல் கடைக்குப் போனால், கடையில் இருக்கும் டர்போதான் உங்களுக்குப் பொருத்தமான டர்போவாகிவிடும்.

மேல ஏற்காடு போனா காத்து மெலிசாயிடுமே, டர்போ காருக்கு அந்தப் பிரச்சினையே இல்லைன்னு சொல்றாங்க. நெசமா?

பாதி உண்மை. ஏற்காட்டில் காற்றழுத்தம் சுமார் 84 கிலோபாஸ்கல்தான். டர்போ இல்லாத கார் இந்த இழப்பை அப்படியே சுமக்கிறது. டர்போ காரில் அதை ஈடுகட்ட முடியும், ஆனால் அந்த வேலை முழுவதும் கம்ப்ரஸரின் தலையில் விழுகிறது. முந்தைய கணக்கின் அதே 183 கிலோபாஸ்கலை, ஃபில்டர் கழிந்த பிறகு கிடைக்கும் 80இலிருந்து எட்ட வேண்டும் என்பதால் அழுத்த விகிதம் 1.95இலிருந்து ஏறத்தாழ 2.3 ஆகிறது. ஷாஃப்ட் அதற்கேற்ப வேகமாகச் சுழன்றாக வேண்டும். சிறிய டர்போக்களின் ஷாஃப்ட் சாதாரணமாகவே நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தொடக்கூடியது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உபரிப் புகையை டர்பைனுக்குள் விடாமல் சுற்றி வெளியேற்றும் கதவுக்கு வேஸ்ட்கேட் என்று பெயர். அதை இயக்கும், ஸ்பிரிங் வைத்த சாதாரண ஆக்சுவேட்டர் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் பூஸ்ட்டை நிறுத்துகிறது. சேலத்தில் 0.75 பார் காட்டிய மீட்டர் ஏற்காடு ஏரிக்கரையிலும் 0.75 பார்தான் காட்டும். ஆனால் இன்ஜினுக்குள் போகும் மொத்த அழுத்தம் 173இலிருந்து 159க்கு இறங்கியிருக்கும். இழுவையும் ஏறத்தாழ 8 சதவீதம் குறையும். மீட்டர் மாறவில்லையே என்று டர்போவைச் சந்தேகிக்க வேண்டாம், இன்ஜினையும் சந்தேகிக்க வேண்டாம்.

வெப்பத்தில் மட்டும் மலை நமக்குச் சாதகமாக இருக்கிறது. சித்திரை வெயிலில் சேலத்தின் 40 டிகிரி காற்றை 1.95 விகிதத்துக்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து அது சுமார் 134 டிகிரியில் வெளிவரும். ஏற்காட்டின் 25 டிகிரி காற்றை 2.3 விகிதத்துக்கு அழுத்தினாலும் கிட்டத்தட்ட அதே வெப்பம்தான்.

கம்ப்ரஸர் மேப்னு ஒரு படம் இருக்கே, கைரேகை மாதிரி. அதை எப்படிங்க படிக்கறது?

படத்தின் கீழ்க்கோடு காற்றின் அளவு; செங்குத்துக் கோடு அழுத்த விகிதம். உள்ளே வளையங்களாக இருப்பவை திறனைக் காட்டுகின்றன. நடு வளையத்தில்தான் காற்று குறைவாகச் சூடாகிறது. இடது ஓரக் கோட்டுக்கு அப்பால் போனால் 'சர்ஜ்': போதிய காற்று ஓடாத நிலையில் அழுத்தம் மட்டும் இருப்பதால், தள்ளிய காற்றே சக்கரத்தின் மேல் திரும்பி அடிக்கும். படபடவென்ற சத்தத்தில் அதைக் கண்டுகொள்ளலாம். தொடர்ந்தால், ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் போய்விடும். வலது ஓரத்துக்கு அப்பால் போனால், சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று கூடாது, வெப்பம் மட்டுமே கூடும்.

முதலில் 6,000 ஆர்பிஎம்மின் புள்ளியை, அதாவது 8 கிலோவையும் 1.95ஐயும் குறியுங்கள். பிறகு அதே அழுத்த விகிதத்தில் 3,500 ஆர்பிஎம்முக்கு 4.7 கிலோ, 2,000க்கு 2.7 கிலோ என்று இடப்பக்கமாக நகருங்கள். 3,500இன் புள்ளியே இடது கோட்டுக்கு வெளியே விழுந்தால் அந்த டர்போ உங்கள் இன்ஜினுக்குப் பெரியது; விற்பவர் என்ன விலைக்குக் குறைத்தாலும் வாங்க வேண்டாம். 2,000இன் புள்ளி வெளியே விழுவது சகஜம், ஏனெனில் அந்த வேகத்தில் முழு பூஸ்ட் எப்படியும் வராது.

பிறகு ஏற்காட்டின் புள்ளியையும் குறிக்க வேண்டும். மேப் ஒரு குறிப்பிட்ட காற்றழுத்தத்துக்கும் வெப்பத்துக்கும் வரையப்பட்டது. மெலிந்த காற்றில் அதே எடைக்கு அதிகக் கன அளவு வேண்டும். ஆகவே அதே 8 கிலோ அங்கே மேப்பில் ஏறத்தாழ 9.5 கிலோவாக விழும். விகிதமும் உயர்ந்திருப்பதால் புள்ளி வலப்பக்கமாகவும் மேலேயும் நகரும். அது படத்தின் மேல் ஓரத்தை ஒட்டி விழுந்தால், சேலத்தில் சரியாக இருக்கும் டர்போ மலையில் அளவுக்கு மீறிச் சுழல்கிறது என்று பொருள்.

ஏ/ஆர் 0.64 வாங்கறதா 0.86 வாங்கறதா?

டர்பைன் ஹவுசிங்கில் புகை ஓடும் பாதையின் குறுக்குப் பரப்பை, அந்தப் பரப்பின் மையத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் உள்ள தூரத்தால் வகுத்து வரும் எண் அது. எண் சிறியதாக இருந்தால், ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடியது போலப் புகை வேகமாகப் பாய்ந்து சக்கரத்தைச் சீக்கிரம் சுழற்றும். உயர் ஆர்பிஎம்மில் அதே குறுகல் புகையைத் தேக்கி இன்ஜினுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும். எண் பெரியதானால் இதற்கு நேர்மாறு.

மலைப்பாதையும் ஊருக்குள் ஓட்டமும் அதிகம் என்றால் சிறிய எண். இரண்டு ஹவுசிங்குகளிலும் ஒரே டர்பைன் சக்கரம் பொருந்தும் என்பதால், தேர்வு தவறினாலும் ஹவுசிங்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெவ்வேறு குடும்பத்து டர்போக்களின் ஏ/ஆர் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

விஜிடி டர்போன்னா இந்தத் தலைவலி எதுவும் இல்லைதானே?

விஜிடியில் டர்பைனைச் சுற்றியுள்ள சிறு தகடுகள் திரும்பி, முந்தைய பதிலில் சொன்ன குறுகலைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. ஒரே 1,248 சிசி டீசல் இன்ஜின் இந்தியாவில் நிலையான டர்போவோடு ஸ்விஃப்ட்டில் 75 பிஎஸ்ஸும் (குதிரைத்திறனின் மெட்ரிக் அலகு), விஜிடியோடு எஸ்எக்ஸ்4, எர்டிகா கார்களில் 90 பிஎஸ்ஸும் தந்தது நமக்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. இருந்தாலும் தகடுகள்தான் திரும்புகின்றன, சக்கரத்தின் விட்டம் மாறுவதில்லை. மேலே போட்ட கணக்கு விஜிடிக்கும் உண்டு. அந்தத் தகடுகளை இயக்க, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவில் தனி ஏற்பாடும் வேண்டும். பழைய காரில் கொண்டுவந்து மாட்டினால் அவை ஒரே நிலையில் நின்றுவிடும்.

டீசல் கார்ல கழட்டின டர்போ நல்ல விலைக்குக் கிடைக்குது. பெட்ரோல் வண்டிக்குப் போட்டுக்கலாமா?

பரிந்துரைக்க மாட்டேன். டீசல் காரின் புகை டர்பைனுக்குள் நுழையும்போது பொதுவாக 800 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். பெட்ரோல் இன்ஜினில் அது 950 டிகிரியைத் தாண்டக்கூடியது. டீசலுக்காக வார்த்த ஹவுசிங் அந்த வெப்பத்தில் வெடிப்பு விடும். விஜிடி தகடுகள் இறுகிக்கொள்ளும். பெட்ரோல் காரில் விஜிடியை நிலைநிறுத்த 2006இல் வந்த போர்ஷே 911 டர்போவுக்கு வெப்பம் தாங்கும் விசேஷ உலோகங்கள் தேவைப்பட்டன என்பதிலிருந்தே அதன் கடினத்தை ஊகிக்கலாம். சிறிய டீசல் டர்போக்கள் பலவற்றில் ஷாஃப்ட் பகுதிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் இல்லாததும் ஒரு காரணம். வண்டியை நிறுத்தியதும் உள்ளே தங்கிய ஆயில் கரியாகிவிடும்.

பழைய சாமான் கடையில டர்போ வாங்கும்போது என்னத்தைப் பார்க்கணும்?

உடம்பில் இருக்கும் தகட்டின் எண்ணை முதலில் படியுங்கள். தகடு இல்லாவிட்டால் வெர்னியரை எடுத்துச் சென்று கம்ப்ரஸர் சக்கரத்தின் முன்பக்க விட்டத்தை அளந்துகொள்ளலாம். பிறகு ஷாஃப்ட்டின் நட்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சாதாரண பேரிங் டர்போவில் ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதக்கும் வகையில் செய்யப்பட்டிருப்பதால் சிறிது ஆட்டம் இருந்தே தீரும். அதற்காக ஒதுக்க வேண்டாம். ஆட்டும்போது இறக்கை ஹவுசிங்கில் உரசினால் ஒதுக்கிவிடுங்கள். முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளும்போது அசைவு கைக்குத் தெரிந்தாலும் அப்படியே செய்யுங்கள். த்ரஸ்ட் பேரிங் போய்விட்டது என்பதற்கு அது அடையாளம்.

இறக்கையின் நுனிகள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓடிய டர்போவில் அவை தேய்ந்து மழுங்கியிருக்கும். அப்படிப்பட்ட சக்கரத்துக்கு எந்த மேப்பும் பொருந்தாது.

டர்போ அளவு சரியா இருக்கு, ஆனா மேட்டுல இன்ஜின் டிக் டிக்னு நாக்கிங் அடிக்குது. ஏன்?

அழுத்தமும் வெப்பமும் மிகும்போது சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். மேலே போட்ட கணக்கில் 0.75 பார் என்று வந்ததே, அந்த அழுத்தத்தைத் தாங்க டர்போ தயாராக இருக்கலாம். இன்ஜின் தயாராக இருக்கிறதா என்பது வேறு கேள்வி. டர்போ இல்லாமல் விற்கப்பட்ட பெட்ரோல் இன்ஜின்களின் கம்ப்ரஷன் விகிதம் பெரும்பாலும் 10க்கு மேல் இருக்கும். பிஸ்டனையும் கேஸ்கெட்டையும் தொடாமல் அவற்றில் 0.4 பாருக்கு மேல் போவது துணிச்சல் அன்று, செலவு. டர்போவைச் சிறிது குறைத்துக்கொண்டு நல்ல இன்டர்கூலருக்குப் பணத்தை ஒதுக்குங்கள். மலையில் கார் மெதுவாக ஏறும்போது முன்பக்கக் காற்று போதாமல் இன்டர்கூலரே சூடேறிப்போகும் என்பதால், அது நெடுஞ்சாலைக் காருக்குத் தேவையானதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றியும் கேட்கிறார்கள். எத்தனால் நாக்கிங்கைக் குறைக்கவே செய்யும். ஒரு குதிரைத்திறனுக்குத் தேவைப்படும் காற்று பெரிதாக மாறாது என்பதால் டர்போவின் அளவையும் மாற்ற வேண்டியதில்லை. எரிபொருள் மட்டும் கூடுதலாகத் தேவை. இன்ஜெக்டரும் பம்ப்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ்ல சிக்கல் வருமா?

வரும். பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் கூடும். பொதுச் சாலைக்கான காராக இருந்தால், டர்போவோடு வந்த மாடலையே வாங்குவது நல்லது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

வாரம் பூரா தொப்பூர் வழியா பெங்களூர் ரோடு, ஞாயித்துக்கிழமை குப்பனூர் வழியா ஏற்காடு. ரெண்டுக்கும் ஒரே டர்போ ஆகுமா?

ஆகும். ஆனால் சமரசம் மலைக்குச் சாதகமாக இருக்கட்டும். நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நிலையாக ஓட 30 குதிரைத்திறன்கூடத் தேவைப்படாது. தொப்பூர் ஏற்றத்தில் சற்றுக் கூடும், அவ்வளவுதான். அங்கே சிறிய டர்போவால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு. பெரிய டர்போவால் குப்பனூர் வளைவுகளில் இழப்பது, ஒவ்வொரு முறை ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் தெரியும். நான்கு சிலிண்டர் இன்ஜினாக இருந்து செலவும் கட்டுப்படியானால், ட்வின் ஸ்க்ரோல் ஹவுசிங் நல்ல நடுவழி. ஒன்று–நான்கு, இரண்டு–மூன்று என்று சிலிண்டர்களின் புகையைத் தனித்தனிப் பாதைகளில் கொண்டுவருவதால், ஒன்றின் துடிப்பு மற்றதைக் கெடுக்காமல் சக்கரம் சீக்கிரம் சுழலும். அதற்குரிய புகை மேனிஃபோல்டை (சிலிண்டர்களிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுவரும் குழாய்த் தொகுப்பை) தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

நீங்க சொன்ன மாதிரி சின்ன டர்போதான் போட்டேன். இப்ப 0.5 பார்ல நிக்க வேண்டிய பூஸ்ட், ஆர்பிஎம் ஏற ஏற 0.8 வரைக்கும் ஓடுது. ஸ்பிரிங்கை மாத்தினா சரியாகுமா?

ஆகாது. வேஸ்ட்கேட் முழுவதும் திறந்த பிறகும் பூஸ்ட் ஏறுகிறது என்றால், வெளியேற வேண்டிய உபரிப் புகைக்கு அந்தத் துளை போதவில்லை என்று பொருள். சிறிய டர்பைனைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைச் சேர்த்து எண்ண வேண்டும்: டர்போ எவ்வளவு சிறியதோ, அதைச் சுற்றிப்போக வேண்டிய புகை அவ்வளவு அதிகம். மென்மையான ஸ்பிரிங் போட்டால் துளை சற்று முன்னதாகத் திறக்கும், ஆனால் பெரிதாகாது.

முதலில் ஆக்சுவேட்டரின் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, கம்பி முழு நீளத்துக்கும் நகர்கிறதா என்று பாருங்கள். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். இரண்டும் சரியாக இருந்தால் ஹவுசிங்கைக் கழற்றி, வேஸ்ட்கேட் துளையைச் சில மில்லிமீட்டர் பெரிதாக்கி, மூடியின் தட்டு அதை முழுவதும் மூடுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். அதற்கு இடம் இல்லாத ஹவுசிங் என்றால், புகை மேனிஃபோல்டில் தனி வேஸ்ட்கேட் ஒன்றை, நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேரும் இடத்தில் வைக்க வேண்டும்; ஒரே சிலிண்டரின் குழாயில் வைத்தால் பயன்படாது. அதுவரை 3,500 ஆர்பிஎம்முக்கு மேல் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஓட்டுங்கள்.